தம்பி ஊருக்குப் போகவில்லை

நேற்று கரையான்சாவடியில் ஒரு தையற்கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளிருந்து மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. உடனே உங்கள் ஞாபகம்தான், அக்கா. நீங்கள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

எழுபதுகளின் தொடக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் நீங்களும் உங்கள் தையல் மெஷினும். என் இரண்டாவது பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் காய்ச்சலில் இறந்துபோனான். மூத்தவள், ஐந்து வயது செல்வியிடம், "தம்பி ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவைத்தோம். அவள் எதிரில் நான் அழவும் இல்லை.

அதன்பிறகு அவள் தினமும் பாயை நனைத்தாள். தெருப் பிள்ளைகளைக் கடித்தாள். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டாள். அடித்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்தீர்கள். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "கொஞ்ச நாளு எங்கூட்ல உக்காரட்டும்மா" என்று அவளைக் கூட்டிப்போனீர்கள்.

இரண்டு நாள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. துண்டுத் துணிகளைக் கொடுத்து மெஷின் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். மூன்றாம் நாள் நான் அவளுக்குச் சோறு எடுத்து வந்தபோது, நீங்கள் பேசுவது கேட்டு வாசலிலேயே நின்றேன்.

"எனக்குக் கோவம் வந்தா வயிறு எரியும். உனக்கு இன்னா பண்ணும்?"

செல்வி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க அடைச்சுக்கும்."

"இப்பவும் அடைச்சுகினு இருக்கா? இன்னாத்துக்கு?"

"தம்பி வாணாம்னு சொன்னேன் பெரிம்மா. அதான் பூட்டான்."

மெஷின் நின்றது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நீயே சொல்லு. நான் சொன்னா அது நம்பாது."

சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். "தம்பி செத்துட்டான் கண்ணு. காய்ச்சல்ல செத்துட்டான். நீ சொன்னதால இல்ல."

"வரவே மாட்டானா?"

"மாட்டான்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவள் வாயைப் பொத்தப்போன என் கையை விலக்கி, "அழட்டும், உடு. நீயும் அழு" என்றீர்கள்.

கடிப்பது அன்றோடு நின்றது. பாய் நனைவது நிற்க இன்னும் ஒரு மாதம் ஆனது.

அதற்குப் பின் எனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். விவரம் தெரிந்ததும் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தான், அவன் பெயர் குமார், நாற்பது நாள் நம்மோடு இருந்தான் என்று. இன்றும் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் மெல்லச் சொல்வதில்லை, அக்கா.