கட்டிலடியில் இருந்த காயிலோவர்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

புருஷனுக்குப் பிசியோதெரபி நாள். மறுபடியும் அரை நாள் லீவு. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்டெய்னர் பில் வேலை எல்லாம் பக்கத்து சீட்டு மலர்க்கொடி தலையில்தான் விழுகிறது.

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் ஆஸ்பத்திரி என்ன பெரிய தூரம்? ஆனால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எல்லாம் அந்த ரோட்டில்தான் நிற்கின்றன. ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதும் அவைதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பகலவன் "மெதுவா" என்கிறான். இதைவிட மெதுவாக ஓட்டினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அவன் யார்டில் கண்டெய்னர் மேலிருந்து விழுந்து ஆறு மாதம் ஆகிறது. முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறான். டாக்டர் இதையே பெரிய விஷயம் என்கிறார். இருக்கலாம். ஆனால் வெளியே போக வேண்டுமென்றால் எங்கள் பழைய காரில்தான் வருவான், நான்தான் ஓட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை கால் டாக்ஸியில் போனோம். டிரைவர் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. பகலவன் கத்திய கத்தலில் சிக்னலில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதோடு சரி. வலியைவிட அவர்கள் பார்த்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவனுக்காகத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது. அது அவனுக்குத் தெரியாது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

சௌக்கத் பாய் வந்து வண்டியைப் பார்த்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து இவனுக்குத் தோஸ்து. ராயபுரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். முன் சக்கரத்துக்குள் கையை விட்டு எடுத்து விரலைக் காட்டினார். கறுப்பாக எண்ணெய்.

"ஷாக் அப்சார்பர் ரெண்டும் பூட்ச்சு தங்கச்சி. அதான் இந்தக் குலுக்கு குலுக்குது. கம்பெனில வர்ற மாதிரியே சாதா ஷாக்கு மாட்டிக்கலாம். மெத்துனு போவும்."

உள்ளே படுத்திருந்தவன் குரல் கொடுத்தான். "கட்டிலடில பெட்டி கீதுல்ல? அத்த மாட்டு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

போன வருஷம் அவன் ஆசை ஆசையாக வாங்கி வைத்த காயிலோவர், ரேஸ் காருக்கான ஷாக்கு. மாட்டிக்கொண்டு பாய் கூட பாண்டிச்சேரி வரை ஓட்டிப்போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தான். அதற்குள் விழுந்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்தோம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த நீலக் குழல்கள். உடம்பு முழுக்க மரை. வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், இறங்கும். உச்சியில் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் டிக் டிக் என்று இறுக்கம் கூடும், குறையும். மகள் மகிழினி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "யப்பா, இன்னா கனம்" என்றாள். பகலவன் அதை வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

பாய் ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி கீது மாமு. ரேஸ் ஓட்றவனுக்குச் செஞ்சது. உன் முதுகு தாங்குமா?"

"அதுக்குத்தான குமிழ் வச்சிகிறான்? அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்டா."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் விழுந்த நாளிலிருந்து இவன் வாயைத் திறந்து வேண்டும் என்று கேட்டது இது ஒன்றுதான். தண்ணீர்கூட நானாகத்தான் கொடுக்கிறேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மாட்டியாயிற்று. கை எரிகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

ஷெட்டில் வேலை செய்கிறவர் வரவில்லை. அதனால் நானே பாய்க்குக் கூட நின்றேன். பகலவன் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டு, அத்தப் புடி, இத்தத் திருகு என்று சொல்லிக்கொண்டிருந்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயை ஒதுக்கிக் கட்டி — அடியில் இரண்டு பெரிய போல்ட். கடல் காற்றில் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி நானும் பாயும் சேர்ந்து தொங்கினோம். சட்டென்று விட்டுக்கொடுத்தபோது என் கை போய்த் தகரத்தில் இடித்தது. மூன்று விரலில் தோல் போயிற்று.

"மித்ரா, வுடு, வுடு" என்று எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. பாதியில் நின்று, மறுபடி உட்கார்ந்தான்.

"ஒண்ணும் இல்லப்பா. உக்காரு" என்றேன்.

மேலே மூன்று நட்டைக் கழற்றினதும் பழைய ஷாக்கு எண்ணெய் வழிய வெளியே வந்தது. புதியதை உள்ளே நிறுத்தி நான் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பாய் மேலே முடுக்கினார். உயரத்தைப் பகலவன்தான் சொன்னான். இன்னும் இறக்கு, இன்னும் கொஞ்சம் இறக்கு. வண்டி தரையில் நின்றபோது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இரண்டு விரல்கூடப் போகவில்லை.

"ஷோக்கா கீதுல்ல?" என்று என்னைக் கேட்டான். சிரித்தான்.

ஷோக்காகத்தான் இருந்தது. வண்டியைச் சொல்லவில்லை.

26 ஆகஸ்ட்

ஐயோ.

ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் டம் டம் என்று இடிக்கிறது. இவன் மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சூப்பரா கீது. ரோட்ட புடிச்சினு போவுது பாரு" என்றான். நெற்றியெல்லாம் வேர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நானும் நல்லாருக்கு என்றேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

ஷெட். ரொம்ப இறக்கிவிட்டதால் ஸ்பிரிங்குக்கு வேலை செய்ய இடமில்லை, போய் ரப்பரில் முட்டுகிறது என்றார் பாய். கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் இருக்கிறது. வளையத்தின் பள்ளத்தில் அதை மாட்டித் திருப்ப வேண்டும். உயரத்தை ஏற்றினோம். மேலே உள்ள குமிழைக் கடைசி வரை இளக்கினோம். பின்பக்கமும் அப்படியே. பிறகு சக்கரங்களுக்கு அலைன்மெண்ட். முழு ஞாயிறும் போயிற்று. துணி துவைக்கவில்லை.

5 செப்டம்பர்

டம் சத்தம் இல்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் அதே குத்து. மேடு தாண்டினால் படகு மாதிரி ஆட்டம் வேறு. குமிழை இரண்டு டிக் இறுக்கச் சொன்னான். இறுக்கினேன். வரும்போது ஒரு டிக் இளக்கச் சொன்னான். இளக்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்கிறேன், ஆபீஸ் சேலையோடு. செக்யூரிட்டி வந்து, "இன்னாமா, வண்டி மக்கரா?" என்கிறார்.

"எப்டி கீது இப்ப?" என்று பகலவனைக் கேட்டேன்.

"இப்ப செமயா கீது மித்ரா."

பொய். எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்வது எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியுமா?

13 செப்டம்பர்

தூக்கம் இல்லை. நடு ராத்திரியில் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்தால் அதன்பிறகு கண் மூடுவதில்லை. காலையில் தோசைக்கல் முன்னால் நின்றபோது மகிழினி வந்து தோளைத் தொட்டாள். "அம்மா, நீ நின்னுகினே தூங்குற."

தோசை கருகியிருந்தது.

22 செப்டம்பர்

ஒன்றும் எழுத முடியவில்லை.

3 அக்டோபர், வியாழன்

பிசியோதெரபி செய்கிற அம்மா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வரும்போதே முதுகுத் தசையெல்லாம் கட்டையா இறுகிக் கிடக்குது. அத்தத் தளர்த்தவே பாதி நேரம் போவுது. போன மாசத்துக்கு இந்த மாசம் மோசம். வூட்ல இன்னா பண்றாரு?"

வீட்டில் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அது உண்மைதான்.

திரும்பும்போது கேட்டுவிட வேண்டும் என்றே வண்டியை எடுத்தேன். அவன் சன்னலோரம் பார்த்தபடி, ஷாக்கு செட்டிங் பற்றி பாயிடம் போனில் பேசிக்கொண்டு வந்தான். முன்னால் இரண்டு டிக், பின்னால் மூன்று. குரலில் அந்தப் பழைய துள்ளல். போனை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அதைக் கழற்றச் சொன்னால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று பயம். அவ்வளவுதான்.

17 அக்டோபர், வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு நாள் அடித்த மழையில் ரோடெல்லாம் தண்ணீர். பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காசிமேடு தாண்டி முன் சக்கரம் ஒன்று தொப்பென்று இறங்கியது. எனக்கே பல் கடித்துக்கொண்டது. பகலவனிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்து, வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். கைக்குட்டை! வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான் — இதற்காகவே. கண்ணாடியை இறக்கி வெளியே வாந்தி எடுத்தான்.

நின்றுகொண்டிருந்த டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் வண்டியை ஓரம் கட்டினேன். கத்திவிட்டேன்.

"வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டியா நீ? நான் இன்னா ஜோசியக்காரியா?"

"நீ கேட்டியா? ஒரு தபா கேட்டியா மித்ரா?"

"எப்டி கீதுன்னு டெய்லி கேக்கறேனே!"

"வண்டியக் கேட்ட. என்னியக் கேக்கல."

அவன் என் கையைப் பார்த்தான். விரலில் தோல் போன இடம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

"நீ ரத்தம் ஊத்த ஊத்தத் திருகின. அப்பால எப்டி நான் வலிக்குதுன்னு சொல்றது? நானே கேட்டு மாட்டினது. மூணு மணி நேரம் அந்த சேர்ல குந்திகினு அத்தத் திருகு, இத்தத் திருகுன்னு சொல்லச்சொல்ல நான் பழைய ஆளாட்டம் இருந்தன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நீ மட்டும் இன்னா? உனக்கு வண்டி ஓட்டப் புடிக்கல. கை எப்டி வேர்க்குதுன்னு நான் பாத்துகினுதான் கீறேன். சொன்னியா?"

"புடிக்கல" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "சுத்தமாப் புடிக்கலப்பா. எனக்கு முடியல. எனக்குத் தூங்கணும்."

மழை மறுபடி பிடித்தது. வைப்பரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். முன்னால் நின்ற டிரெய்லரின் சிவப்பு விளக்கு மட்டும் கலங்கித் தெரிந்தது. கைக்குட்டையை மடித்துக்கொண்டே அவன் சொன்னான்.

"கழட்டிடலாம்."

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆபீசுக்கும் போகவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

கழற்றியாயிற்று. சாதா ஷாக்கு, சாதா ஸ்பிரிங். பாய், "நான் அன்னிக்கே சொன்னன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஸ்பிரிங் அப்டி மாமு. குமிழத் திருப்பினா ஆட்டம்தான் மாறும். கல்லு கல்லுதான்" என்றார், அவ்வளவே. பகலவன் இந்த முறை ஷெட்டுக்கு வரவில்லை.

24 அக்டோபர்

பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கிறது. ஆனால் குத்தவில்லை, அமுங்கி எழுகிறது.

"இப்ப வலிக்குதா?"

"வலிக்குது. ஆனா தாங்கலாம்."

இரண்டு மாதத்தில் நான் கேட்டதும் அவன் சொன்ன முதல் உண்மை. நானும் ஒன்று சொன்னேன், டிரெய்லர் பக்கத்தில் வந்தால் கால் நடுங்குகிறது என்று. "ஆரன் அட்ச்சினே போ" என்றான்.

10 நவம்பர், ஞாயிறு

காயிலோவரை பாய்க்குத் தெரிந்த கொளத்தூர்காரர் ஒருவர் வாங்கிப் போனார். சாயங்காலம் போனில் செட்டிங் கேட்டார். பகலவன் பொறுமையாகச் சொன்னான். எவ்வளவு இறக்கினால் ரப்பரில் முட்டும், எத்தனை டிக்கில் ஆட்டம் நிற்கும், எல்லாம். போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நான் போய் முதுகில் கையை வைத்தேன். தட்டிவிடவில்லை.

28 நவம்பர்

மழை. பிசியோதெரபி இல்லை. முதுகு இளகி வருகிறதாம். தெரு முனை டீக்கடை வரை வாக்கரோடு போய் வந்தான். நான் பின்னால் போகவில்லை. சன்னலில் நின்று பார்த்தேன்.

19 டிசம்பர், வியாழன்

அரை நாள் லீவு போட்டிருந்தேன், வழக்கம்போல. குளித்துவிட்டுச் சாவியைத் தேடினால் பகலவன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். வெளியே ஒரு கால் டாக்ஸி.

"இன்னாப்பா இது?"

"நான் போறேன். நீ படு."

"தனியாவா? பள்ளத்துல—"

"கத்தினா கத்துவேன். பாக்கறவன் பாத்துட்டுப் போறான்."

டிரைவர் இறங்கி வாக்கரை மடித்துப் பின்னால் வைத்தார். வண்டி தெரு முனை திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்து, பாயைக்கூட விரிக்காமல் அப்படியே தரையில் படுத்தேன்.

கதவு சத்தத்தில் விழித்தால் வெயில் சமையலறை வரை வந்திருந்தது. அவன் உள்ளே வந்து மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் களைத்திருந்தது.

"கத்தினியா?"

"ரெண்டு தபா. டிரைவரு பயந்துட்டாரு." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். "அந்த வண்டில பின்னாடி ஷாக்கு கலீஜ் மித்ரா. பாய் நம்பர் குடுத்துட்டு வந்தன்."

சோறு போட்டுக் கொடுத்தேன். மகிழினி வர இன்னும் நேரம் இருக்கிறது. ஆபீசுக்குப் போன் செய்து முழு நாள் லீவு சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதே கண் சொக்குகிறது. மறுபடி படுக்கப் போகிறேன்.