போகிக்குப் பூசிய பீரோ

பக்கத்து வீட்டில் இன்று கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். காலையில் காப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனாமலும் டர்பன்டைனும் கலந்த அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. ஒரு கணம், நீங்கள் உள்ளறையில் முண்டா பனியனோடு குந்தியிருக்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன். "வேட்டியில பட்டுடப் போகுது" என்று கத்துவதற்கு வாயைக்கூடத் திறந்தேன். அதற்கப்புறம் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலதியின் பெண்ணுக்குக் கல்யாணம். தை பிறந்ததும் திருநீர்மலையில் முகூர்த்தம். அதற்குத்தான் அந்த வீடு பளபளக்கிறது. பத்திரிகை வைக்க வந்தவளிடம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "வரணும்னுதான் ஆசை மாலதி. ஆனா கட்டிக்க ஒண்ணும் இல்லையே. எல்லாம் பீரோவுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு."

நீங்கள் போனபின் முதல் வருஷம் நான் எங்கும் போகாததற்குச் சம்பிரதாயம் என்று பெயர் இருந்தது. வருஷத் திதி முடிந்ததும் அதற்குப் பீரோ என்று பெயர் வைத்துக்கொண்டேன். கொடியில் கிடந்த நாலு நூல் புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். காய்கறி கேட்டுக்கே வருகிறது. பூட்டைத் திறந்து, பையை வாங்கி, மறுபடி பூட்டுகிறேன். ஏரிக்கரைக்கு நடக்கக்கூடப் போவதில்லை. நம் பெண் கூரியரில் இரண்டு புடவை அனுப்பினாள். பிரிக்காமல் வைத்திருக்கிறேன். "ஆள வச்சு உடைச்சுடலாம்மா" என்று போனில் சொன்னபோது அவள்மேல் எனக்கு வந்த கோபம் எனக்கே பயமாக இருந்தது.

அந்தப் பீரோவை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. உங்களுக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருஷம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், யார் வீட்டிலிருந்தோ கழித்துக் கட்டியதை, தேக்கு தேக்கு என்று தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினீர்கள். ஒரு கால் ஆடியது. உள்ளே கரப்பான் வாடை. வண்டியில் ஏற்றிச் சிட்லபாக்கம் வந்து சேர்வதற்குள் இன்னொரு காலும் ஆடத் தொடங்கியது. நான் பேசாமல் வந்தேன். புதுப்பெண் என்பதால்தான்.

ஊரெல்லாம் போகிக்குப் பழசைக் கொளுத்தும். நீங்கள் பழசுக்குப் பூசுவீர்கள். உப்புத்தாளை எடுத்து இரண்டு நாள் தேய்ப்பீர்கள். வீடு முழுக்கத் தூள், சாம்பார் கிண்ணத்தில்கூட. பட்டி வைத்து ஓட்டைகளை அடைத்து, பிரைமர் அடித்து, பிறகு அந்த வருஷத்து நிறம். பச்சை, ஆஸ்பத்திரி நீலம், காப்பிப் பொடி, கடைசியில் சாம்பல். "எரிக்க ஒரு நிமிஷம் போதும். பூசினா இன்னும் பத்து வருஷம் நிக்கும்" என்பீர்கள். பத்து வருஷம் நிற்பதற்கு எதற்கு வருஷா வருஷம் பூசுகிறீர்கள் என்று கேட்டால், பிரஷ் கொஞ்சம் வேகமாகப் போகும்.

எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. வெளியே அத்தனை மினுக்கிவிட்டு உள்ளே அப்படியே விட்டுவிடுவீர்கள். கதவைத் திறந்தால் குகை. எது கறுப்பு, எது கருநீலம் என்று புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். "உள்ள யாரு பாக்கப் போறா?" என்பீர்கள். "நான் பாக்கிறேனே, நான் ஆள் இல்லையா?" என்பேன். முப்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

கடைசிப் போகிக்கு முந்தின நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வந்தால், பீரோ சாம்பல் நிறத்தில் மூடி நிற்கிறது, உங்கள் முழங்கையெல்லாம் பெயின்ட். "தொடாத. பொங்கலன்னைக்குத் திற" என்றீர்கள். உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு இருந்த அலுப்பில் அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பொங்கலன்று குளித்துவிட்டு வந்து இழுத்தேன். வரவில்லை. நீங்கள் இழுத்தீர்கள். இருவரும் சேர்ந்து இழுத்தோம். மார்கழிப் பனியில் எனாமல் காய்வதற்குள் மூடியிருக்கிறீர்கள், கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. பண்டிகை நாளும் அதுவுமாகப் பழைய புடவையோடு நான் நின்றேன். என் வாய் சும்மா இருக்குமா? "முப்பது வருஷமா இதையே பூசறீங்க. ஒரு வேலையாவது உருப்படியா வந்திருக்கா?"

நீங்கள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வெயில் வரட்டும். மரம் காஞ்சா தானா விட்டுக்கும்" என்றீர்கள். மாசியில் போய்விட்டீர்கள். வெயில் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் இழுத்துப் பார்க்கவில்லை. விட்டுக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயம். கதவுக்கும் கதவுக்கும் நடுவே கெட்டியாகிக் கிடந்த அந்தச் சாம்பல் கோடுதான் நீங்கள் கடைசியாகச் செய்த வேலை. இந்த வீட்டில் பூட்டியிருந்தது பீரோ மட்டுமில்லை. ஆனால் அதையே சாக்காகக் காட்டிக்கொண்டு நான் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

மாலதி விடவில்லை. இன்று பத்து மணிக்குத் தன் பெயின்டரையே அழைத்து வந்து நிறுத்தினாள். அவர் கதவு விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா இது? சார் உள்விளிம்பு வரைக்கும் அட்ச்சிட்டு மூடிகீறாரு. பசை மாறி புட்ச்சிகினு கீது. உள்ளயெல்லாம் யாரும்மா அடிப்பாங்க? உளி வெச்சு ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்."

உளியை வைத்தார். "கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். மாலதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷர் உளியைக் கீழே வைத்தார். பிறகு பட்டி போடும் மெல்லிய தகடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே பண்ணுங்கம்மா. மேலேந்து கீழ மெதுவா கோடு போட்டுகினே வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர்கள் போனபின் அதைச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சாம்பல் துகள் உதிர்ந்தது. அதற்குக் கீழே காப்பி, அதற்கும் கீழே நீலம், ஒரு இடத்தில் முதல் வருஷத்துப் பச்சை. அழுதுகொண்டேதான் கீறினேன். அடிமுனைக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். பட்டென்று சத்தம் போட்டுக்கொண்டு திறந்தது.

உள்ளே வெள்ளை.

இரண்டு கதவுகளின் உட்புறமும், பக்கச் சுவர்களும், எட்டிய இடமெல்லாம் பால் வெள்ளை. புடவைகளை எடுக்கச் சோம்பல்பட்டுச் செய்தித்தாள் போர்த்திவிட்டு, சந்து பொந்தெல்லாம் பிரஷ்ஷை விட்டிருக்கிறீர்கள். ஓரங்களில் பெயின்ட் வழிந்து சொட்டு சொட்டாகக் கெட்டியாகியிருக்கிறது. கதவு ஒட்டிக்கொண்டது அந்த வழிசலால்தான். நான் முப்பது வருஷமாகக் கேட்டதைச் செய்யப் போய்த்தான் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நான் அப்படிப் பேசியபோதாவது சொல்லியிருக்கலாமே! "உனக்காகத்தான் பண்ணேன்" என்று ஒரு வார்த்தை. திறந்து பார்த்து நானே தெரிந்துகொள்ளட்டும் என்று வெயிலுக்குக் காத்திருந்தீர்களாக்கும். உங்கள்மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிட.

செய்தித்தாளை விலக்கினேன். கருநீலம் எது, கறுப்பு எது என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அரக்குப் பட்டுப் புடவையின் மடிப்பு மட்டும் செய்தித்தாளுக்கு வெளியே துருத்திக்கொண்டு கதவோடு ஒட்டியிருந்தது. மெதுவாகப் பிரித்தெடுத்தேன். முந்தானை ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, விறைப்பாக. சாயங்காலம் வந்த மாலதி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, டர்பன்டைன் தொட்டுத் துடைச்சா போயிடும், எங்க வீட்டுல மிச்சம் இருக்கு" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"கல்யாணத்துக்கு இதையா கட்டப் போறீங்க? எல்லாரும் கேப்பாங்க."

கேட்கட்டும். என் வீட்டுக்காரர் பூசியது என்று சொல்லிக்கொள்கிறேன்.