சோயாப் பாலில் சர்க்கரை

அன்பு மகளுக்கு,

குளிர்காலம் முழுக்க அப்பா யாரிடமும் பேசவில்லை. எந்த மாத்திரையும் அவரது மனச்சோர்வைக் குறைக்கவில்லை. நேற்று தைச்சுங் நகர மருத்துவமனையில் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் நரம்பில் ஏற்றினார்கள். "சிலருக்கு ஒரே நாள்ல தெரியும். நிலைக்குமான்னு இப்பவே சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர் காவ்.

இன்று காலை சோயாப் பாலை ஒரு வாய் குடித்த அப்பா முகம் சுளித்தார். "என்னடி இது, சர்க்கரை டப்பாவே கவுந்துடுச்சா?"

இத்தனை மாதமும் வைத்ததை வாய் பேசாமல் விழுங்கியவர். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். "ஏய், இதுக்கா அழுவுற?" என்று பின்னாலேயே வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஏற்றுவார்கள். இன்று நீயே அவரைக் கூப்பிட்டுப் பேசு. நம் ஏழாம் மாடி வீட்டுப் பால்கனிக் கதவின் சாவி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும்.

உன் அம்மா