தகடு வளையும்வரை

மச்சான்,

இதில் நான் சொல்லப்போகும் கதையைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஓர் உயிரும் நம்பாது என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. நீயும் போய் மூன்று வருடம் ஆகிறது.

இன்று காலை உன் அக்கா குருமாவுக்கு உருளைக்கிழங்கு நறுக்கினாள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் என் கண் இரண்டும் தானாக மூடிக்கொண்டன. "கண்ண மூடிக்கினு நிக்கிறியே, என்னா ஆச்சி?" என்றாள். அவளுக்கே புரிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் மாமா யார்? வெல்டிங் உலகின் சக்கரவர்த்தி. பதினெட்டு வருடம் நான் பற்றவைத்த கேட்டுகளை வரிசையாக நிறுத்தினால், வானூரில் தொடங்கி நிலாவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். செஞ்சிக் கோட்டைக்கு நான் கதவு போட்டிருந்தால் சரித்திரமே வேறு. அப்பேர்ப்பட்டவனுக்குச் சான்றிதழ் எதற்கு? ஐ.டி.ஐ.யில் கடைசித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பட்டறையில் வேலை கூப்பிடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அதே படிப்பை முடித்துச் சான்றிதழோடு வந்த உன்னிடம், "பஜ்ஜி மடிக்க நல்ல பேப்பரு" என்றேன்.

ஆலையில் பாய்லர் குழாய் வேலைக்கு இருவரும் போனபோது அந்தப் பேச்சு அடங்கியது. உன்னைக் குழாய் பற்றவைக்கச் சொன்னார்கள். சக்கரவர்த்தியின் கையில் கிரைண்டரைக் கொடுத்து, நீ பற்றவைத்ததைத் தேய்க்கச் சொன்னார்கள். பாய்லரில் சான்றிதழ் இல்லாத கை படக்கூடாதாம். இரண்டு வருடம் உன் பின்னால் நின்று தேய்த்தேன். பிறகு ஆலையில் ஒரு நிரந்தர வெல்டர் இடம் காலியானது. தனித்தேர்வராகத் தேர்வு எழுதலாம் என்று நீதான் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாய். அந்த முறை தேறினால் இடம் எனக்கு. அடுத்த வருடம் என்றால் அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

தேர்வுக்கு முந்தைய நாள் பட்டறையில் பயிற்சி செய்தேன். பட்டறைக்காரர்களின் கெட்ட பழக்கம் உனக்குத் தெரியும். சின்னப் புள்ளி வைக்க, முகத்தை மறைக்கும் ஷீல்டைப் பிடிக்கமாட்டோம். முகத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கி, வெல்டிங் ராடால் ஒரு தொடு. அன்று எத்தனை தொட்டேனோ, விடிந்தபோது சங்கராபரணி ஆற்று மணல் மொத்தமும் என் கண்ணுக்குள் இருந்தது. இமை திறக்கவில்லை. வெல்டிங் வெளிச்சம் சுட்ட கண்ணுக்குப் பட்டறை வைத்தியம் உருளைக்கிழங்குத் துண்டு.

நீ பைக்கோடு வந்து நின்றாய்.

"வயிறு சரியில்ல மச்சான். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"வயிறு சரியில்லன்னா கண்ணு மேல எதுக்கு உருளக்கெழங்க வெச்சிக்கினு கெடக்குறீங்க?"

"தகடு எங்க இருக்குதுன்னே தெரியாதுடா எனக்கு."

"ஜல்தி கெளம்புங்க மாமா. அக்கா வந்து கெளப்பினா அது வேற பேஜாரு."

கிளம்பினோம். வழியில் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினாய்; இமை ஒரு கீற்றுத் திறந்தது. என் கண்ணீர் நெடுஞ்சாலையின் இருபுறமும் பாய்ந்து, விக்கிரவாண்டிப் பக்கம் அந்தப் போக மல்லாட்டைச் செடியில் கடலை அமோக விளைச்சல் என்று கேள்வி. ஆனால் முண்டியம்பாக்கம் தாண்டியதும் உன் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் தேர்வுக்கூட வாசலில் சொன்னேன்: "மச்சான், அன்னிக்கு நான் ஓடினது வேலைக்காக இல்ல. பத்தவெச்ச தகட வளைச்சிப் பாப்பாங்களே, அதுக்குப் பயந்து."

"தெரியும் மாமா. பொண்ணு குடுக்கும்போதே வெசாரிச்சிட்டோம்."

சிரிக்கக்கூட நேரமில்லை. என் கை ஷீல்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, உன் தலை ஷீல்டை எனக்கு மாட்டிப் பின்னால் வாரை இறுக்கினாய். "இத எறக்கினா ஏத்தாதீங்க. கறுப்புக் கண்ணாடிக்குள்ள நல்ல கண்ணும் குருடுதான். ராடு பத்தினாத்தான் யாருக்கும் தெரியும்."

உள்ளே தேர்வாளர் அம்மா. அவர் பார்வைக்குக் கேஸ் இல்லாமலே இரும்பை அறுக்கும் சக்தி உண்டு. "ஷீல்டு இல்லாம ராடு தொட்டீங்க, அப்பிடியே வெளிய போய்க்கினே இருக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஷீல்டை இறக்கினேன். இருட்டு. தகட்டின் விளிம்பை இடது கையால் தடவி, ராடை அங்கே கொண்டுபோனேன். பழக்கத்தில் தலை பக்கவாட்டில் திரும்பியது. ஷீல்டும் கூடவே திரும்பியது. மறுபடி நேராகத் திருப்பினேன். தொட்டேன். ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. உடைத்துப் பிடுங்கினேன். மறுபடி தொட்டேன். பற்றியது. பச்சை வெளிச்சத்தில் கோடு தெரிந்தது, உருகிய குட்டை தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனேன்.

பிறகு அந்தத் தகட்டை வெட்டி, வளைக்கும் அழுத்தியில் வைத்தார்கள். கைப்பிடி ஏற ஏறத் தகடு குனிந்தது. பற்று விரிசல் விட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இருபது வருடம் முன்பு ஓடினேன். அரை வட்டம் வந்தது. இன்னும் வளைந்தது. அம்மா தகட்டை எடுத்துத் திருப்பி, மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, "ம்" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

வெளியே நீ எழுந்து நின்றுகொண்டிருந்தாய்.

"என்னா மாமா?"

"வளைஞ்சிது. ஒடையல."

நீ உட்கார்ந்துவிட்டாய், மச்சான்.

அந்த நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. ஒரு வருடம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் பற்றவைத்தோம். பிறகு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. இப்போது நான் பற்றவைக்கும் ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் ஆலை எனக்குக் கொடுத்த வெல்டர் எண்ணைக் குத்துகிறேன். ஒழுகினால் என்னைத்தான் தேடுவார்கள். தாங்கினாலும் அது என்னுடையதுதான். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு கேட்டிலும் என் பெயர் இருந்ததில்லை.

போன வாரம் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு நடந்தது. புதுக் குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள்; நான் என் எண்ணைப் பார்த்தேன்.

நிலா வரை போன கேட்டு, கண்ணீரில் விளைந்த மல்லாட்டை எல்லாம் புளுகு. ஆனால் முள் ஏறும்போதெல்லாம் வாய்க்குள் ஒருமுறை "மச்சான்" என்று கூப்பிட்டுவிடுகிறேன். அந்தச் சின்னது மட்டும் உண்மை.