முப்பத்தேழாம் இடத்துப் பாலம்

12-6-2024, புதன்
பாலத்து ஆபீஸிலிருந்து திலகவதி என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். மாவட்டத்துப் பாலங்களை எல்லாம் கம்ப்யூட்டர் வரிசை போட்டிருக்கிறதாம். நம் ஆற்றுப்பாலம் முப்பத்தேழு. நடுத்தூணுக்கு அடியில் மண் அரித்து, ஆடு படுக்கிற அளவுக்குப் பொந்து. அதன் மேல்தான் பேத்தியின் பள்ளிக்கூட வேன் தினமும் திருமயம் போகிறது.
"இருக்குற பணத்துல எதை மொதல்ல சரிபண்ணா ஆபத்து ரொம்பக் கொறையும்னு லட்சம் விதமா மாத்திப் போட்டுப் பாக்கும் அப்பத்தா."
பாவம், லட்சம் விதம்! ஒரு கிலோ கறியைப் பதினோரு இலைக்குப் பங்கு வைத்தவள் நான். என்னைக் கேட்டிருக்கலாம்.

14-6-2024, வெள்ளி
முப்பத்தேழாம் இடத்துக்குக் காரணம் தெரிந்தது. 2012-ல் தூண்களுக்கு அடியில் புதுக் கான்கிரீட் போட்டதாக ரிக்கார்டு. அதனால் பொந்தின் போட்டோவைக் கொடுத்தும், மேலாக அரித்த மண் என்றே கம்ப்யூட்டர் நினைக்கிறதாம்.
கான்கிரீட்டா? காண்டிராக்ட் எடுத்த மகராசன் என் கொழுந்தன் உடையப்பன். மாசி மாதம், புதன்கிழமை, இரண்டு டப்பா பெயிண்டோடு வந்தான். கைப்பிடிச் சுவருக்கு வெள்ளை, கறுப்பு. மத்தியானமே வேலை முடிந்தது. பேரன் காதுகுத்துக்கு வராத அவனோடு எனக்குப் பன்னிரண்டு வருசமாகப் பேச்சில்லை.
திலகவதிக்குப் போன் போட்டேன். "எழுதித் தருவீங்களா?" என்றாள்.
"நாலு காப்பி தாரேன் தாயி."

17-6-2024
கேசரி கிண்டினேன். முந்திரி தாராளம். என்ன விசேஷம் என்றாள் மருமகள். சொல்வேனா?

19-6-2024, புதன்
திலகவதி பழைய ஃபைலின் நகலோடு வந்தாள். வேலை நல்லபடி முடிந்தது என்று ஊர் சாட்சிக் கையெழுத்து ஒன்றே ஒன்று. மகளிர் குழுத் தலைவி — நான்.
"மறந்துட்டீங்களா அப்பத்தா?"
"ஆமா தாயி."
மறந்தேனா? நானா? "சும்மா போடுங்க மதினி, வேலை பின்னாடி நடக்கும்"னு உடையப்பன் தாள நீட்டுனான். தலைவின்னு அச்சடிச்ச எடத்துல பேனா வைக்க ஆசை — போட்டேன். வேலை நடக்கல. கேட்டா என் கையெழுத்தும் சந்திக்கு வரும். அதான் காதுகுத்தச் சொல்லிச் சண்டைய வளத்தேன். ஊரு தப்பையெல்லாம் நாள் கெழமையோட வச்சிருக்கவ, இத எங்க ஒளிச்சு வச்சேன்?
எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு என்னையும் கூப்பிடுவார்களாம்.

20-6-2024
வேன் பாலத்தைத் தாண்டும்வரை நின்று பார்த்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். 'அன்று அடித்தது பெயிண்ட் மட்டும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.'

9-7-2024, செவ்வாய்
கம்ப்யூட்டர் மறுபடி போட்டுப் பார்த்ததில் இரண்டாம் இடம். பாலத்தை அடைத்துவிட்டார்கள். வேன் ஆறு மைல் சுற்றுகிறது. ஐந்தரைக்கே எழும் பேத்தி என்னைத் திட்டிக்கொண்டே பல் விளக்குகிறாள். மகளிர் குழுவில் எவளும் முகம் கொடுக்கவில்லை.
நாளை பத்து மணிக்கு விசாரணை. உடையப்பனுக்கும் அதே பத்து மணி. சுற்றிப் போக ஊரில் ஒரே ஆட்டோ.
ஓரத்துச் சீட்டு எனக்கு என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினேன்.