வஜ்ரம் கலக்காத சுண்ணாம்பு

26-5-1974, ஞாயிறு

கம்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். நான் தட்டோடு கூடத்துக்குள் நுழையும்போது, நிலைக்கு மேலே சுவரிலிருந்த பல்லி என் தலையில் விழுந்தது. அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள்.

"தலையில விழுந்தா ஆகாது. எங்களுக்கு இருக்கறது ஒரே பையன்."

அந்தப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பி.எஸ்ஸி. படித்தவராம்.

இவர்கள் வருகிறார்கள் என்றுதான் அப்பா நேற்று கூடத்துக்கு வெள்ளை அடித்தார். அவசரத்தில், சுண்ணாம்பு சுவரோடு ஒட்டுவதற்கான வஜ்ரப் பசையைக் கலக்கவில்லை. தொட்டால் மாவாகக் கையோடு வருகிறது. பல்லியின் விரலடி சுவரைத் தொட்டால்தான் பற்றும். நடுவில் பொடி இருந்தால் பொடியோடு சேர்ந்து கழன்று விழும். பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் பாடம் இது. அதையே அவர்களிடமும் சொன்னேன்.

அவர்கள் போனதும் அம்மா என்மேல் பாய்ந்தாள். "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, பரிகாரம் பண்ணிக்கலாம்னு சொல்லியிருப்பாக."

அடுப்படிக்குள் அவர்கள் வரமாட்டார்கள் என்று அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடிக்கவில்லை. இப்போது அங்கே ஒரு பல்லி தலைகீழாக நிற்கிறது. விழவே இல்லை.

அடுத்த மாதம் போடியிலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்களாம். "அதுக்குள்ள கூடத்துக்கு இன்னொரு தடவை அடிச்சிரணும்" என்கிறார் அப்பா.

வஜ்ரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. வாயைத் திறக்கக் கூடாதல்லவா.