கதவு ரப்பரும் நான் சொன்ன பொய்யும்

மிஸ்,

இன்று காலை மருமகள் குக்கர் மூடியின் பழைய ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். அடுப்பில் ஏறியதும் புது ரப்பர் ஆவியில் சூடாகும் மணம் வீடெல்லாம் பரவியது. சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தேன். குருநகர்க் கடற்கரையில் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் பண்டத்தரிப்பிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வந்துபோன மருந்தாளர். நான் அதே ஆஸ்பத்திரியின் மெக்கானிக். போரில் பாதை மூடப்பட்டு, நோயாளிக்கு ஏற்றும் சேலைன் கொழும்பிலிருந்து வருவது நின்ற பிறகு, பின்கட்டில் ஓர் அறையை வெள்ளையடித்து நாங்களே சேலைன் செய்யத் தொடங்கினோம். உப்பு நிறுப்பதும் போத்தல் அடைப்பதும் உங்கள் வேலை. அடைத்த போத்தல்களை நீராவியில் அவித்துக் கிருமி கொல்லும் அந்தப் பெரிய உருளை, ஓட்டோகிளேவ், என் பொறுப்பு.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் புதுச் சாமான் என்று எதுவுமே இல்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். நான் தொட்ட இயந்திரம் நின்றதில்லை என்று எனக்குக் கர்வம். தண்ணீர்ப் பம்புக்குப் பழைய செருப்பில் வாசர் வெட்டிப் போட்டபோது நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் ஓட்டோகிளேவின் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடிப்பு விடத் தொடங்கியபோது மட்டும் மறுத்துவிட்டீர்கள்.

"மற்றதெல்லாத்துக்கும் ஒட்டுப் போடுங்கோ, அண்ணை. கிருமியை மறிக்கிற இடத்திலை போடேலாது. அது பிழைச்சால் எங்களுக்குத் தெரியாது. நோயாளிக்குத்தான் தெரியும்."

புது வளையம் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினீர்கள். பதில் வரவில்லை. அதற்குள் அகதி முகாம்களில் வயிற்றோட்டம் பரவி, வார்டில் நிலத்திலும் பாய் விரித்தார்கள். இருப்பதை வைத்துச் செய்யச் சொல்லி டொக்டர் சத்தம் போட்டார். கடைசியில் நீங்கள் இணங்கினீர்கள், ஒரு நிபந்தனையோடு. போதிய நேரம் சூடு நின்றால் கறுக்கும் சோதனைப் பட்டியைப் போத்தல்களுக்கு நடுவே வைப்பீர்கள்; அது முழுதாகக் கறுத்தால்தான் போத்தல்களை வெளியே விடுவீர்கள்.

லொறிச் சக்கரத்தின் பழைய ரியூபை வெட்டி, வெடித்த இடத்தில் ஒட்டினேன். அடுப்பு மூட்டி, அமுக்கம் ஏறி, பாதி நேரம் போயிருக்கும். ஒட்டு இளகிக் கதவோரத்தால் ஆவி சீறியது. ஆவியின் அமுக்கத்தைக் காட்டும் ஊசி சரசரவென்று இறங்கியது. நீங்கள் பக்கத்து அறையில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் கதவுத் திருகுகளை இறுக்கி, விறகைத் தள்ளி, ஊசியை மீண்டும் ஏற்றினேன். நிறுத்தி, மறுபடி ஒட்டி, முதலிலிருந்து அவித்திருக்க வேண்டும். அதற்கு விறகும் இருந்தது, பகலும் இருந்தது. என் ஒட்டு விட்டுவிட்டது என்று உங்களிடம் வந்து சொல்லத்தான் மனம் வரவில்லை.

நீங்கள் பட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அரைகுறையாகத்தான் கறுத்திருந்தது.

"ஊசி இடையிலை இறங்கினதோ, அண்ணை?"

"இல்லை, மிஸ். பட்டிதான் பழசு."

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு ஒவ்வொரு போத்தலாக மூடி உடைத்து வடிகாலில் ஊற்றினீர்கள். சந்தேகமான போத்தல் ராக்கைத் தட்டில் இருந்தால் அவசரத்தில் யாராவது நோயாளிக்கு ஏற்றிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். திருப்பி அவிக்கலாம் என்றால், நான் திருகிய இறுக்கில், கதவைத் திறந்தபோதே ரப்பர் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அன்று மாலை முகாமிலிருந்து வந்த ஓர் இளம் தாய் சேலைன் இல்லாமல் இறந்துபோனாள். அவளுடைய புருஷன் இடுப்பில் பிள்ளையோடு மருந்தறை வாசலுக்கு வந்தான்.

"ஊத்தினது நீதானே? என்ரை மனுசிக்கு ஒரு போத்தல் வைச்சிருக்கக் கூடாதோ? நீயெல்லாம் ஒரு பொம்பிளையோ?"

நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒருதரம்கூட நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் லீவு எழுதிக் கொடுத்தீர்கள். பாதை மூடியிருந்ததால் கடலால் படகேறிக் கொழும்புக்குப் போய் நீங்களே வளையத்தை வாங்கி வரப்போவதாக வார்டில் சொன்னார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் உங்களை மறித்தேன்.

"மிஸ், ஊசி இறங்கினது. நான் பொய் சொன்னனான்."

"தெரியும், அண்ணை. நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஏன் அந்தாளிட்டை என்னைக் காட்டித் தரேல்லை?"

"காட்டித் தந்தால் அவவுக்கு உயிர் வருமே? நீங்கள் இல்லாட்டி நாளைக்கு அந்தக் கதவை ஆர் பாக்கிறது?" சைக்கிளில் ஏறினீர்கள். "அடுப்பைத் துப்புரவாக்கி வையுங்கோ. வாறன்."

வரவில்லை. திரும்பும் வழியில், கிளாலிக் கடலில் நீங்கள் வந்த படகுக்குத் துப்பாக்கிச் சூடு விழுந்தது; அதில் நீங்கள் உயிர் தப்பவில்லை. இரண்டு நாள் கழித்து, அதே படகில் வந்த வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர் புது ரப்பர் வளையத்தைத் தோளில் மாட்டியபடி ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார். "தாய் ஒருத்தி களைச்சுப்போனா எண்டு உங்கடை மருந்தறைப் பிள்ளை அவவின்ரை குழந்தையை மடியிலை வாங்கினது, தம்பி. குழந்தையோடை இதையும் பிடிக்கக் கை காணாமல் என்னட்டைத் தந்தது" என்றார். குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வளையத்தைப் பொருத்தினேன். ஊசி அசையவில்லை. பட்டி கரிபோலக் கறுத்தது. அன்று மாலையே வார்டில் எல்லாருக்கும் சேலைன் ஏறியது. நான் உருளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் போகாமல் முகாமுக்குப் போனேன். மருந்தறை வாசலில் ஏசிய அந்த மனிதன் கிணற்றடியில் பிள்ளையின் உடுப்பைத் தோய்த்துக்கொண்டிருந்தான். பிழை என்னுடையது, மிஸ்ஸில் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். உடுப்பைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினான்.

"அந்த மிஸ் இப்ப எங்கை?"

சொன்னேன்.

அப்படியே கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டான். "நான் அவவைக் கண்டபாட்டுக்கு ஏசிப்போட்டன், அண்ணை. நாளைக்கு வந்து மன்னிப்புக் கேப்பம் எண்டு இருந்தனான். நீங்கள் அவவோடை வேலை செய்தனீங்கள்தானே. எப்பிடியாவது அவவுக்குச் சொல்லிவிடுங்கோ."

"ஓம்" என்றேன். அவன் கேட்ட அந்த மன்னிப்பை உங்களிடம் சேர்க்க வழி தெரியாமல் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன், மிஸ்.